சீட்டு இல்லாமல் மூட்டை இறங்காது

தமிழ் விக்கிப்பீடியாவில் முதல் முறை எழுதப் போனபோதே வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகளை இங்கே ஒவ்வொருவரும் எழுதியிருக்கிறீர்கள், படித்துக்கொண்டே வந்தேன். என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டிலும் தெருவிலும் தமிழ், தாலுகா ஆபீசுக்குப் போனால் மலையாளம். வேலந்தாவளத்தில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலையில் லோடு இறங்கி வியாபாரம் முடிந்துவிட்டால், பத்து மணிக்கு மேல் ஈ ஓட்டுகிற வேலைதான். அப்படி ஒரு நாள் போனில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து எங்கள் ஊரைத் தேடினேன். மேலே 'தொகு' என்று இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், ஊர்க்காரி நான் எழுதாமல் யார் எழுதுவது?

எழுதினேன். அப்பாரு, அதாவது தாத்தா, என் சின்ன வயதில் சொன்னதுதான்: "கொழிஞ்சி முளைச்ச பாறை கண்ணு, அதான் கொழிஞ்சாம்பாறை." கொழிஞ்சி தெரியும்தானே? வயலில் தழையுரமாக மடக்கி உழுவார்களே, அந்தச் செடி. நாலு வரியில் அழகாக எழுதிச் சேமித்துவிட்டு, தம்பியிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் பார்த்தால் நாலு வரியும் இல்லை. ஏதோ கோளாறு என்று நினைத்துத் திரும்பவும் போட்டேன். மறுபடியும் காணோம். வரலாறு என்று ஒரு பக்கம் இருப்பதே அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதை எடுத்தார் என்று வரிசையாக இருக்கிறது. பக்கத்தில் காரணம்: சான்று இல்லை. எனக்குச் சுருக்கென்று வந்தது. மூன்றாவது முறையும் போட்டேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் தடை விழலாம் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

அங்கே ஒவ்வொரு பயனருக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் கருத்துச் சொல்ல ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. என் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் வணக்கம் சொல்லி, விஷயத்தை அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் பேசலாம் என்று கூப்பிட்டிருந்தார். போய், "எங்க அப்பாருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிரும்?" என்கிற தோரணையில் பத்து வரி எழுதினேன். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. அழித்தும் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். அவர் கோபப்படவில்லை. "உங்கள் தாத்தா சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் படிக்கிறவர் அதை எங்கே போய்ச் சரிபார்ப்பார்?" என்று மட்டும் கேட்டார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் மண்டியிலும் இதே கதைதான். சீட்டு இல்லாமல் மூட்டை இறங்காது. கொண்டுவந்தவர் முதலாளியின் சொந்த மாமனாராகவே இருக்கட்டும், சீட்டில் எடை இல்லை என்றால் நான் பேரேட்டில் ஏற்றமாட்டேன். அதற்காக அவரைப் பொய்யர் என்றா சொல்கிறேன்? அப்படி யோசித்தபோது கோபம் பாதி இறங்கியது.

மீதிப் பாதியை இறக்கியது சித்தூர். இரண்டு வாரம் கழித்து, இனிமேல் நிச்சயமான விஷயம் மட்டும்தான் எழுதுவது என்று முடிவுசெய்து, '1956 வரை சித்தூர் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது' என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பாலக்காடு நகரம் மலபாரில் இருந்ததால் நாங்களும் அதோடுதான் என்று ஒரு நினைப்பு.

அது தப்பு. சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்த ஊர். கொச்சியின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல், சுற்றிலும் பிரிட்டிஷ் சீமை இருக்க நடுவில் தனியாகக் கிடந்த தாலுகா. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்து, 1956 நவம்பர் 1 அன்று கேரளத்துக்கு வந்து, 1957 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. மலையாளத்திலும் எழுதுகிற ஒருவர்தான் சுட்டிக்காட்டினார். ஆதாரமாக 1911இல் வந்த கொச்சி ஸ்டேட் மேனுவலைச் சொன்னார். சி. அச்சுத மேனோன் எழுதியது. இணையத்தில் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். மண்டித் திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது, பிறந்து வளர்ந்த தாலுகாவைப் பற்றி இத்தனை நாள் தப்பாகவே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேனே என்று இருந்தது. சான்று தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆங்கிலமோ மலையாளமோ நம்பகமானதாக இருந்தால் போதும் என்பதும் அப்போது தெரிந்துகொண்டதுதான். எங்களைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். எங்கள் ஊரைப் பற்றி அச்சில் வந்தது தமிழில் குறைச்சல்.

இன்னொரு கூத்து. கட்டுரையில் சித்தூருக்கு இணைப்பு கொடுத்திருந்தேன். தட்டினால் ஆந்திரச் சித்தூர் வந்து நின்றது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. இரண்டு நாள் எங்கள் தாலுகாவை ஆந்திராவுக்குத் தாரை வார்த்திருக்கிறேன். ஒரே பெயருள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் பக்கத்துக்குப் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று வாயில் நுழையாத பெயர், அது எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது.

முதலாளியிடம் இதைச் சொன்னது நான் செய்த அடுத்த தவறு. "அப்ப நம்ம மண்டியையும் போட்டுரு கண்ணு, போன் நம்பரோட" என்றார். சம்பளம் கொடுக்கிறவர், எப்படி மறுப்பது? போட்டேன். கட்டுரையை நீக்கலாம் என்று சொல்லும் அறிவிப்புப் பெட்டி, நீக்கல் வார்ப்புரு, விழுந்தது. நம்பகமான வெளி ஆட்கள் யாராவது விரிவாக எழுதியிருந்தால்தான் ஒரு நிறுவனத்துக்குத் தனிக் கட்டுரை, சம்பளம் வாங்குகிற நான் எழுதினால் அது விளம்பரம் என்று விளக்கினார்கள். முதலாளிக்கு ஒரு வாரம் முகம் சரியில்லை. படம் விஷயமும் அப்படித்தான். கூகுளில் எடுத்த தென்னந்தோப்புப் படம் பதிப்புரிமைச் சிக்கலில் போய்விட்டது. கள் இறக்கும் தென்னைக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? நானே போனில் எடுத்து, விக்கிப்பீடியாக்களுக்கான படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றினேன், அது நிற்கிறது.

மலையாளக் கவி எழுத்தச்சன் விஷயத்தில் வேறு பாடம். சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில் அவருடைய குருமடம் இருக்கிறது. அவர் கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார் என்று அடித்து எழுதினேன். ஒருவர் வந்து 'என்று நம்பப்படுகிறது' என்று மாற்றினார். இன்னொருவர் வந்து 'யாரால்?' என்று கேட்டு ஒரு குறியைப் போட்டுவிட்டுப் போனார். இது கொஞ்சம் ஓவர் என்று இன்றைக்கும் எனக்கு எண்ணம் உண்டு. ஆனால் தேடப் போனதில் ஒரு நல்ல புத்தகம் கிடைத்தது, அதனால் விட்டுவிட்டேன்.

இப்போது மலையாள விக்கிப்பீடியாவிலும் எட்டிப் பார்க்கிறேன். எழுதிப் பழகுகிற பக்கமான நம் மணல்தொட்டிக்கு அங்கே எழுத்துக்களரி என்று பெயர். எல்லோரும் கூடிப் பேசுகிற பக்கம் நமக்கு ஆலமரத்தடி, அவர்களுக்குப் பஞ்சாயத்து, தெலுங்கில் ரச்சபண்ட. அதுவும் ஊர்நடுவே மரத்தடி மேடைதான். சண்டை போடப் போகும் இடத்துக்கு மூன்று மொழிக்காரர்களும் ஊர்ப் பொதுவிடத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அப்பாருவின் கொழிஞ்சி இன்னும் கட்டுரைக்குள் ஏறவில்லை. பேச்சுப் பக்கத்தில், என் பழைய கோபத்துக்குக் கீழே, அப்படியே கிடக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களைப் பற்றி அச்சில் வந்த ஆய்வு எதையாவது யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். பக்க எண்ணோடு.