கலைச்சொல்: மருந்தால் வரும் காது ஒலிக்கு என்ன பெயர்?

சேலம், மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். காசநோய், புற்றுநோய் நோயாளிகளுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமிகாசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளால் காதுக்குள் விடாமல் ஒலி கேட்கும் டின்னிடஸுக்கு நல்ல சொல் வேண்டும். காதைக் கெடுக்கும் தன்மைக்கு 'செவிநச்சுமை' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ஆத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'செவியிமிர்வு' என்று வையுங்கள். வண்டு இமிர்வதை, அதாவது ரீங்கரிப்பதை, சங்கப் பாடல்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கையும் அரவப் பொருளில், அதாவது ஓசைப் பொருளில், வைக்கிறது. ஆனால் அவை ஊர் கூடி எழுப்பும் ஆரவாரத்துக்குத்தான் பொருந்தும். இது ஒருவருக்கு மட்டும் கேட்பது. இமிர்தல் மெல்லியது, தொடர்வது.

ஏற்காடு, செவிலியர்:
ஐயா, சொல் அழகுதான். ஆனால் இங்கே வருகிறவர்கள் "காது இரையுது", "கொய்ங்னு கேக்குது" என்றுதான் சொல்கிறார்கள். சேலத்தில் ஊசி போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவருக்குக் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் அந்த அடைப்பு விட்டுவிடும். மருந்தால் வரும் இரைச்சல் அப்படிப் போகாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, மலை ஏறினால் அப்படித்தான் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அடைப்பு வேறு, இரைச்சல் வேறு என்று அறிக்கையில் கட்டாயம் வரட்டும். அப்புறம் அந்த 'நச்சு' வேண்டவே வேண்டாம். படித்த அன்றே ஊசியை நிறுத்திவிடுவார்கள்.

ஓமலூர், சொல்லாய்வு ஆர்வலர்:
'இரைப்பு' மூச்சுக்குப் போய்விட்டது, 'இரைச்சல்' சந்தைக்குப் போய்விட்டது. இரை, இரங்கு, இரட்டு மூன்றும் ஒலித்தல் பொருளில் ஒரே வேர் என்பது என் துணிபு. 'செவியிரங்கல்' எப்படி?

ஆத்தூர், தமிழாசிரியர்:
முரசு இரட்டுவது மாறி மாறி ஒலிப்பது. அது 'இரண்டு' என்ற சொல்லோடு சேரும், இரங்கலோடு சேராது. செவியிரங்கல் என்றால் இன்று யாரும் இழவு என்றே நினைப்பார்கள்.

எடப்பாடி, மருந்தாளுநர்:
வேர் இருக்கட்டும். ஆஸ்பிரின் அளவு கூடி வரும் இரைச்சல், மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அமிகாசினும் சிஸ்பிளாட்டினும் உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களையே அழிக்கக்கூடியவை. மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. உச்சமான ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் போகும், அதனால் தொடக்கத்தில் பேச்சு கேட்பதில் குறை தெரியாது. சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் கேட்புச் சோதனை வைப்பது அதற்காகத்தான். அதையும் எழுதுங்கள்.

சேலம், மொழிபெயர்ப்பாளர்:
சரி. பெரும்பான்மை 'காது இரைச்சல்' பக்கம் இருக்கிறது. நச்சுமையை எடுத்துவிட்டு 'காதைப் பாதிக்கக்கூடிய மருந்துகள்' என்று மாற்றிவிட்டேன். அச்சுக்குப் போகும் பத்தி: "காதில் இரைச்சல் தொடங்கினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், வலி மாத்திரையை நீங்களாகச் சேர்க்காதீர்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இரவின் அமைதியில் இரைச்சல் பெரிதாகத் தெரியும், மின்விசிறி ஓடட்டும், மெல்லிய பாட்டு வைத்துக்கொள்ளலாம். அதிக சத்தமுள்ள இடங்களைத் தவிருங்கள்."

ஆத்தூர், தமிழாசிரியர்:
துண்டறிக்கைக்கு இது போதும், தடையில்லை. மருத்துவ மாணவர்களுக்கான சொற்பட்டியலில் மட்டும் 'செவியிமிர்வு' நிற்க வேண்டும் என்பதை விட மாட்டேன். நாளை தமிழில் பாடநூல் எழுதுகிறவர், இரைச்சலின் வகைகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வேண்டும்போது 'காது இரைச்சலை' வைத்து எத்தனை சொல் ஆக்க முடியும்?