லைப்சிக், 1989 அக்டோபர் 9: ஏன் சுடவில்லை?

வைகைக்கரை:
கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் அந்தத் திங்கட்கிழமை ஆட்சியை எதிர்த்துத் தெருவில் சுமார் 70,000 பேர். எதிரே அரசுப் படையினர் 8,000 பேர் ஆயுதத்தோடு. ஜூனில் சீனாவில் நடந்த தியானன்மென் அடக்குமுறையை கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றமே ஆதரித்திருந்தது. அப்படியும் ஏன் சுடவில்லை? பெர்லினிலிருந்து ஆளும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையில் இருந்த ஏகோன் கிரென்ஸ் தடுத்தார் என்கிறார்களே?

கணியன்:
அது கிரென்ஸ் பிற்பாடு தனக்குத்தானே சூட்டிக்கொண்ட மாலை. நேரத்தைப் பாருங்கள். மாவட்டக் கட்சிப் பொறுப்பாளர் ஹாக்கன்பெர்க் பெர்லினுக்கு போன் போட்டார். தெளிவான பதில் இல்லை. கூட்டமோ கார்ல் மார்க்ஸ் சதுக்கத்தை விட்டு ரயில் நிலையம் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆறரை வாக்கில் உள்ளூர் அதிகாரிகளே 'தற்காப்புக்கு மட்டும்' என்று உத்தரவை மாற்றிவிட்டார்கள். கிரென்ஸ் திரும்பக் கூப்பிடும்போது மணி ஏழைத் தாண்டிவிட்டது.

7ஆம் தேதி கூட்டம் சிறியது. விரட்டிப் பிடித்தவர்களை மார்க்கிளேபெர்க் கண்காட்சித் திடலின் குதிரை லாயத்தில் அடைத்தார்கள். 70,000 பேருக்கு லாயம் எங்கே போவது? நிறுத்தப்பட்டவர்களிலும் பலர் ஆலைத் தொழிலாளர் படையினர், கட்டாயச் சேவைப் பையன்கள். சொந்தபந்தம் எதிர்ப்பக்கம் நிற்கலாம்.

பழையபேட்டை:
எண்ணிக்கை மட்டும் போதாது கணியன், துண்டறிக்கையை விட்டுவிட்டீர்களே. நகலெடுக்கும் எந்திரமெல்லாம் அரசின் பிடியில் இருந்த நாடு. லூக்காஸ் தேவாலயத்தில் சைக்ளோஸ்டைலில் சுற்றி ஏறக்குறைய 25,000 பிரதி போட்டார்கள். அதில் வீரவசனம் கிடையாது: போலீஸ் வரிசையை உடைக்காதீர்கள், தடுப்பிலிருந்து தள்ளி நில்லுங்கள், வண்டிகளைத் தாக்காதீர்கள், எதையும் எறியாதீர்கள், படையினரின் உடைமைகளைப் பறிக்காதீர்கள். கடைசியது அற்பமாகத் தெரியும். ஆனால் 'தற்காப்பு' உத்தரவு இருக்கும் இடத்தில் ஒரு தொப்பி பறிபோனாலே தடியை எடுக்கச் சாக்கு கிடைத்துவிடும். மெழுகுவத்தியும் அதே கணக்குதான்: ஒரு கையில் பிடித்து மறுகையால் காற்றை மறைத்தால் கல்லெடுக்கக் கை மிஞ்சாது.

வைகைக்கரை:
அப்போ அமைதி காக்கச் சொன்ன இசை நடத்துநர் குர்ட் மாசூரின் ஒலிபெருக்கி அறிக்கை?

கணியன்:
அதில் மாசூரோடு சேர்த்து ஆறு பேர். அவர்களில் மூவர் மாவட்டக் கட்சிச் செயலாளர்கள், அதுதான் முக்கியம். கட்சிக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்பது சாலையில் நின்ற போலீஸ்காரர் காதிலும் விழுந்தது.

பழையபேட்டை:
ரடோம்ஸ்கி, ஷெஃப்கே என்ற அரசு எதிர்ப்பாளர்கள் இருவரும் சீர்திருத்தத் தேவாலயக் கோபுரத்திலிருந்து ரகசியமாக எடுத்த வீடியோ மறுநாள் மேற்கு ஜெர்மன் டிவியில் ஓடியது. கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளில் அந்தச் சேனல் தெரியும். அடுத்த திங்கள், 16ஆம் தேதி, 1,20,000 பேர் வந்தார்கள். 18இல் நாட்டின் தலைவர் ஹோனெக்கர் பதவி போயிற்று.