கார்ன்வால் கனிமங்கள்: தனியார் வாங்கிச் சேர்ப்பது சரியா?

கல்தேடி:
இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள வீல் கோர்லண்ட் சுரங்கத்து லிரோகோனைட் என்ற கனிமத்தைத் தனியாட்கள் ஏலத்தில் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வானநீலப் படிகம் உலகிலேயே மிகச் சில இடங்களில்தான் கிடைத்தது. இந்தத் தரத்தில் வேறெங்கும் இல்லை. சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. மிச்சம் இருப்பதெல்லாம் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

சுரங்கப்பித்தன்:
அருங்காட்சியகத்தில் இன்று இருப்பது எப்படி அங்கே போனது, நண்பரே? கார்ன்வாலின் செம்புத் தாது கப்பலேறி வேல்ஸின் ஸ்வான்ஸீ உலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பிலிப் ரேஷ்லி (1729–1811) போன்றவர்கள் கைக்காசு போட்டு வாங்கியதால்தான் நல்ல படிகங்கள் உலைக்குத் தப்பின. அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதி கார்ன்வாலின் ட்ரூரோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சர் ஆர்தர் ரஸ்ஸல் வாழ்நாளெல்லாம் சேர்த்தது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தது. இருவருமே தனியாட்கள்.

கல்தேடி:
ரஸ்ஸலைச் சொன்னீர்கள், கிங்ஸ்பரியை விட்டுவிட்டீர்களே? ஆர்தர் கிங்ஸ்பரி 1968இல் இறந்தார். அவர் சேகரிப்பும் அதே லண்டன் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. 1990களில் ஆய்வாளர்கள் தோண்டித் துருவியபோது, பிரிட்டனில் கண்டெடுத்ததாக அவர் சொன்ன பல கனிமங்கள் வேறு இடங்களிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அவர் கட்டுரைகளை நம்பி எழுதிய கனிமப் பட்டியல்களில் எத்தனை பதிவுகள் சந்தேகத்துக்கு உள்ளாயின! கல் எங்கே கிடைத்தது என்று ஒரு தனியாள் எழுதி வைத்த சீட்டை நம்பியதன் விலை இது.

பாறைமகள்:
கல்தேடி சொன்ன அந்தச் சீட்டுதான் இதில் முக்கியம். கார்ன்வாலின் ஹெராட்ஸ்ஃபுட் சுரங்கத்தில் கிடைத்த போர்னோனைட் கனிமத்தின் பல்சக்கர வடிவம் யாருக்கும் பிடிக்கும். ஆனால் எந்தச் சுரங்கம் என்ற விவரம் போய்விட்டால் ஆய்வுக்கு அதனால் பெரிதாகப் பயனில்லை. பழைய கல் கைக்கு வந்தால் முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு வைத்து அதன்மேல் மையில் சின்னதாக எண் போட்டிருப்பார்கள். அது பழைய பதிவேட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சிலர் பளபளப்புக்காக அமிலத்தில் போட்டு அந்த எண்ணையே கழுவிவிடுகிறார்கள். வயிறு எரிகிறது.

சுரங்கப்பித்தன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கல்தேடி, கிங்ஸ்பரியின் கற்கள் அருங்காட்சியகத்துக்குள் வந்த பிறகும் பொய் உடனே வெளிப்படவில்லையே. கட்டடம் எதுவானாலும் பார்க்கிறவருடைய கண்தான் முக்கியம். நான் பழைய சீட்டைத் தூக்கி எறிவதில்லை, என் சீட்டை அதன் கீழே வைக்கிறேன்.

கல்தேடி:
உங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. உங்களுக்குப் பிறகு? பெட்டியைத் திறக்கும் வாரிசுக்குக் கல்லும் சீட்டும் தனித்தனிக் குப்பையாகத் தெரியலாம். எந்த அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்று இப்போதே உயிலில் எழுதி, பதிவேட்டின் நகலை அங்கே கொடுத்துவிடுங்கள். அப்படிச் செய்கிறவர் ஏலத்தில் எடுத்தால் நான் வாய் திறக்க மாட்டேன்.

சுரங்கப்பித்தன்:
நகல் கொடுப்பது நல்ல யோசனை, செய்கிறேன். உயிலைப் பற்றி வீட்டில் பேச வேண்டும். ஆனால் வாங்கவே கூடாது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.