வாலுக்கடியில் இரண்டு பட்டாணி

வீட்டில் எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது கருவாட்டைத்தான். யாரோ பொட்டலத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டார்கள் என்று என் மாமியார் இரண்டு நாள் அலமாரி அலமாரியாகத் தேடினார். அது கருவாடு இல்லை. அழுகிய மீனும் துருப்பிடித்த சாவிக்கொத்தும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை. சோபாவின் இடது மூலையில் மட்டும் அடித்தது. அந்த மூலை சுண்டுவின் இடம்.

சுண்டு எங்கள் கடுவன் பூனை. வயது 7, எடை அப்போது 6.5 கிலோ. சாதாரண நாட்டுப்பூனைக்கு இது மிக அதிகம் என்று இப்போது தெரிகிறது. அப்போது ‘நல்ல வளர்த்தி’ என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்தபடி பின்னங்கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு, முன்னங்கால்களால் உடம்பை இழுத்து இழுத்துத் தரையில் தேய்த்துக்கொண்டு போனான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், படம்கூட எடுத்தேன். அதை இப்போது பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பூச்சி. மருந்துக் கடையில் குடற்புழு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை கொடுத்தேன். நாடாப்புழு இருந்தால் வாலடி மயிரில் அரிசி போலவோ காய்ந்த வெள்ளரி விதை போலவோ துணுக்குகள் ஒட்டியிருக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை. வாலைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு முறை மாத்திரை கொடுத்தேன், ஒரு முறையாவது பார்த்திருக்கலாம்.

பிறகு அவன் மணல் தட்டில் போவதை நிறுத்திவிட்டான். குளியலறை மூலையில் போனான், ஒரு நாள் வாசல் மிதியடியில். நான் அதட்டினேன். வலியோடு மலம் கழித்த பூனை அந்த வலியைத் தட்டின் மேல் போடும் என்பதும், தெனாலிராமன் பூனை பாலைக் கண்டு ஓடியது போலத் தட்டைக் கண்டு ஓடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஆறு வருடம் ஒழுங்காக இருந்தவனுக்குத் திடீரென்று திமிர் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கால்நடை மருத்துவர் வாலைத் தூக்கி, ஒரு பார்வைதான் பார்த்தார். ஆசனவாயைக் கடிகார முகம் என்று வைத்துக்கொண்டால் 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடங்களில் தோலுக்கடியில் பட்டாணி அளவில் ஒவ்வொரு பை இருக்கிறதாம். கெட்டியான மலம் வெளியேறும்போது அந்த அழுத்தத்தில் பையிலுள்ள திரவமும் கொஞ்சம் வெளியேறிவிட வேண்டும். பூனைகள் ஒன்றையொன்று மோந்து அடையாளம் காண உதவும் வாடை அதில் இருக்கிறது. வெளியேறாவிட்டால் உள்ளேயே இறுகும், அடைக்கும், சீழ் பிடிக்கும்.

உதவியாளர் சுண்டுவைத் துண்டில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் கையுறையில் வழவழப்புக் களிம்பு தடவிக்கொண்டு வலது பக்கத்தை மெல்ல அழுத்தினார். பழுப்பு நீர் வந்தது. இடது பக்கம் நீர் வரவில்லை. குழாயிலிருந்து பற்பசை வருவது போலக் கரும்பழுப்பில் ஒரு இழை வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அவன் கத்திய கத்தலில் அதற்கு மேல் அழுத்த அவர் சம்மதிக்கவில்லை. மறுநாள் லேசான மயக்க ஊசி போட்டு, சலைன் விட்டுக் கழுவி, பைக்குள்ளேயே மருந்து செலுத்தினார்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் முதலில் கேட்டது இதுதான்: “என்ன சாப்பிடுகிறான்?” காலையில் தயிர் சோறு, சாயங்காலம் ஒரு கிண்ணம் பால். “மலம் எப்படிப் போகும்?” இளகலாக. “எத்தனை நாளாக?” யோசித்துப் பார்த்தேன். எப்போதுமே அப்படித்தான். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. இளகிய மலத்துக்குப் பையை அழுத்தும் வலு இல்லை. போதாததற்குப் பருமனால் பின்பக்கம் நாக்கு எட்டாமல் சுத்தமும் செய்துகொள்ளவில்லை.

பாலை நிறுத்துவதுதான் சிகிச்சையில் கடினமான பகுதி. “பூனைக்குப் பால் வைக்காத வீடும் ஒரு வீடா?” என்று மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டியை உணவில் கலக்கத் தொடங்கினேன். எடையை அவசரப்பட்டுக் குறைக்கக்கூடாது என்றார் மருத்துவர். குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி ஆபத்தாகிவிடும். ஏழு மாதத்தில் 5.6 கிலோவுக்கு வந்திருக்கிறான்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

—

கோவையிலிருந்து

சகோதரி, நீங்கள் பூச்சி என்று ஏமாந்தீர்கள், நான் சண்டைக் காயம் என்று ஏமாந்தேன். எங்கள் பூனை இரவெல்லாம் மதில் மேல் திரிபவன், காதில் கடி இல்லாத மாதமே கிடையாது. வாலுக்குப் பக்கத்தில் ஒரு துளையும் அதிலிருந்து ரத்தம் கலந்த சீழும் கண்டபோது அடுத்த தெருக் கடுவனைத்தான் திட்டினேன். மஞ்சள் அரைத்துப் பூசினேன், நக்கித் தீர்த்துவிட்டான். குளிக்கும் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினியை எடுத்துத் துடைக்கப் போனபோது மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அது நல்லதாகப் போயிற்று. பினாயில் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு விஷமாம். உடம்பில் பட்டதை நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ச்சல் அடிக்கிறதே, பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா என்று கேட்டதற்கு மருத்துவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மனிதர் விழுங்கும் ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுக்கப் போதுமாம். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன், மற்றபடி எனக்குத் தட்டச்சு அவ்வளவாக வராது.

உள்ளே பை பழுத்து, கட்டியாகி, தானே உடைந்திருக்கிறது. மயக்கம் கொடுத்துத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கழுவினார்கள். தையல் போடவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இவ்வளவு பெரிய ஓட்டையை அப்படியே விட்டு அனுப்புகிறார்களே என்று. மேலே மூடினால் உள்ளே மறுபடியும் சீழ் கட்டும், அடியிலிருந்து ஆறி வரட்டும் என்றார்கள். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து நாளைக்கு மூன்று வேளை ஒத்தடம், புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு, பத்து நாள் மருந்து. கூம்போடு அவன் கதவு நிலையில் முட்டி முட்டி நின்றதைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

—

மதுரையிலிருந்து

நான் கல்லூரி மாணவன், அறையில் பூனை வளர்க்கிறேன். அக்கா, மருத்துவர் அழுத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள் அல்லவா? அதை வீட்டிலேயே செய்துகொள்ள முடியாதா? ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டுப்படியாகவில்லை.

—

சுண்டு வீட்டிலிருந்து

தம்பி, நானும் இதையேதான் கேட்டேன். பிரச்சினை இல்லாத பையை மாதம் ஒரு முறை அழுத்திக்கொண்டிருந்தால் அதனாலேயே அது புண்ணாகி வீங்கிவிடும் என்றார். ஏற்கெனவே வீங்கியிருப்பதை அழுத்தினால் தோலுக்கடியில் உடையலாம். போதாததற்கு வலிக்கும் இடத்தைத் தொட்ட கையைப் பூனை சும்மா விடாது. வாரம் ஒரு முறை வாலைத் தூக்கிப் பார். சிவப்பு, வீக்கம், ஈரம் எதுவும் தெரிந்தால் அன்றைக்கே கொண்டுபோ. அரசு கால்நடை மருத்துவமனையில் செலவு குறைவு, கூச்சப்படாதே.

—

நாகர்கோவிலிலிருந்து

எங்கள் பெட்டைக்கு நோய் ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளி இரவு பக்கத்து வீட்டில் சரவெடி வெடித்தபோது என் மடியில் படுத்திருந்தாள். துள்ளி எழுந்து ஓடினாள், புதுச் சேலையில் மூன்று சொட்டு. மூன்றே சொட்டுதான். சேலையை நான்கு முறை துவைத்தேன். பயந்தால் பை தானாகவே காலியாகும், அது இயல்புதான் என்று சொன்னார்கள். ஆகவே ஒரு முறை நாறியதற்காக யாரும் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். சேலையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

—

சென்னையிலிருந்து

எங்களுடையது பாரசீகப் பூனை. ஒரே வருடத்தில் நான்கு முறை அடைத்துக்கொண்டது. பால் கொடுப்பதில்லை, எடையும் சரி, மலமும் கெட்டி. பிறகுதான் மருத்துவர் காதையும் வயிற்றையும் பார்த்தார். வயிற்றில் மயிரை நக்கியே வழுக்கையாக்கி வைத்திருந்தது. ஒவ்வாமையாக இருக்கலாம் என்று, அது அதுவரை தின்றிராத ஒரே இறைச்சி மட்டும் 8 வாரத்துக்கு என்றார். கோழியை நிறுத்தியதும் அரிப்பு குறைந்தது. மறுபடி கோழி கொடுத்துப் பார்த்தோம், பத்தே நாளில் திரும்பியது.

அப்படியும் ஒரு பை ஓயவில்லை. கடைசியில் இரண்டு பைகளையும் அறுவை செய்து எடுத்தோம். மலத்தைக் கட்டுப்படுத்தும் தசைக்கும் நரம்புக்கும் ஒட்டினாற்போல் பை இருப்பதால், அறுவையில் அவை பாதிக்கப்பட்டால் மலம் தானாகக் கசியும் என்று கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள். முதல் பத்து நாள் அங்கங்கே கொட்டைப்பாக்கு அளவில் விழுந்துகொண்டிருந்தது. என் கணவர் டார்ச் விளக்கோடு வீடெல்லாம் நடந்தார். பிறகு நின்றுவிட்டது. எடுத்ததை ஆய்வுக்கும் அனுப்பினார்கள், வயதான பூனைகளில் அரிதாகப் புற்றும் இருக்கும் என்பதால். இல்லை என்று முடிவு வந்த அன்றுதான் தூங்கினேன். அறுவையை முதலிலேயே கேட்டு வாங்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பார்த்து ஓய்ந்த பிறகுதான் நாங்கள் போனோம்.

—

சுண்டு வீட்டிலிருந்து

நேற்று மணல் தட்டைச் சுத்தம் செய்யும்போது மலம் இளகியிருந்தது. மாமியாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். “ஒரு பாலாடை அளவுதான் கொடுத்தேன்” என்றார்.