பூ ஜாடி அடியில தண்ணி கசியுது. ஏமாந்துட்டேனா?

திருவான்மியூர்க்காரி:
போன மாசம் பாண்டிச்சேரி போனப்ப, மண்பாண்டம் செய்யற ஒரு அம்மாகிட்ட நேராவே பூ ஜாடி ஒண்ணு வாங்கினேன். ஸ்டோன்வேர், சக்கரத்துல செஞ்சது, ஒண்ணரை சாண் உயரம். 2,800 ரூபாய். (வீட்டுல 800னு சொல்லி வச்சிருக்கேன்.) சம்பங்கி வச்சு தண்ணி ஊத்தினேன். காலைல பாத்தா அம்மா குடுத்த தேக்கு மேஜைல வெள்ளையா ஒரு வட்டம்! விரிசல் இல்ல. உள்பக்கம் கிளேஸ்ல (மண்ணு மேல இருக்கிற கண்ணாடிப் பூச்சு) மட்டும் மயிரிழையா கோடுங்க. தட்டினா கணீர்னு இல்ல, மந்தமா கேக்குது. ஸ்டோன்வேர்ல தண்ணி இறங்காதும்பாங்களே?

மாம்பலம் மாமா:
மண்ணுன்னா கசியத்தான் செய்யும். பிளாஸ்டிக் பூ வைம்மா.

சூளைப்புகை:
மாமா, தண்ணிப் பானை வேற, இது வேற. பானை 1000 டிகிரிக்குள்ளயே வெந்துடும், அதான் கசிஞ்சு தண்ணி ஜில்லுனு இருக்கு. ஸ்டோன்வேருக்கு 1200க்கு மேல போகணும். அந்தச் சூட்டுல மண்ணுல ஒரு பங்கு உருகி, கண்ணாடியாகி, துளையெல்லாம் அடைச்சுக்கும். உங்க வீட்டுப் பழைய ஊறுகாய் ஜாடியும் ஸ்டோன்வேர்தான். உப்பும் எண்ணெயுமா வருஷம் முழுக்க இருந்தும் வெளிய வருதா?

நான் எழும்பூர் கவின்கலைக் கல்லூரில செராமிக் படிச்சவன். அந்தக் கோடுங்க, ஆறும்போது மண்ணைவிட கிளேஸ் அதிகமா சுருங்கினதால வர்றது. மண்ணு நல்லா வெந்திருந்தா அதனால மட்டும் கசியாது. ஜாடியைக் கவுத்து, அடியில கிளேஸ் படாத வளையத்துல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. உறிஞ்சிட்டா சரியா வேகலைன்னு அர்த்தம். சூளைக்குள்ள எல்லா இடத்துலயும் ஒரே சூடு இருக்காது. கீழ்த்தட்டுல வச்ச என் ஜாடிங்க மூணு இப்படித்தான் அழுதுச்சு. ஏமாத்தியிருப்பாங்கன்னு தோணல, அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்க.

திருவான்மியூர்க்காரி:
சொட்டு விட்டேன், எண்ணி முடிக்கிறதுக்குள்ள காணோம். போன் பண்ணேன். அந்தம்மாவுக்கு என்னைவிட வருத்தம், வேற ஜாடி தரேன்னாங்க. ஆனா கழுத்துகிட்ட அவங்க கட்டைவிரல் பதிஞ்ச பள்ளம் ஒண்ணு இருக்கு. அது அடுத்ததுல இருக்காதே!

சூளைப்புகை:
அப்ப மாத்தாதீங்க. உள்ள ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி அதுல தண்ணி ஊத்துங்க.

திருவான்மியூர்க்காரி:
டம்ளர் போகல. காலி ஜாம் பாட்டில் கச்சிதமா இறங்கிடுச்சு. மேஜை வட்டம் தேங்காயெண்ணெய்க்கும் மசியல, அதும்மேலேயே ஜாடியை வச்சுட்டேன்.