புதுப்பிப்பு: சொந்த ஆர்க்கிடெக்சர் குழு என்ன ஆனது?

ஆலோசனை நிறுவனத்தை விட்டுவிட்டு எங்கள் ஆட்களை வைத்தே எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் குழு (நிறுவனத்தின் மென்பொருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்று திட்டமிடும் குழு) அமைக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். முதலில் இந்த வேலைக்கான டோகாஃப் சான்றிதழ் எடுக்கச் சொல்லுங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள்.

இரண்டு பேர் எடுத்தாயிற்று. ஒருவர் எடுத்த கையோடு ஐடி நிறுவனங்கள் குவிந்திருக்கும் எங்கள் எபேனிலேயே எதிர்க் கட்டடத்துக்கு வேலை மாறிப் போய்விட்டார். மொரீஷியஸில் ஐடி ஆட்கள் வேலை மாற பஸ்கூட மாற வேண்டியதில்லை! இன்னொருவர் நல்ல டெவலப்பர். அதுதான் தொல்லை, பக் வந்தால் பழைய டீம் அவரைத்தான் கூப்பிடுகிறது. சண்டை போட்டுத்தான் முழுநேரமாக மீட்டேன்.

வேலை நகர்ந்தது ஒரு சாதாரண எக்செல் தாளில். எந்த அப்ளிகேஷன், யார் பொறுப்பு, லைசென்ஸ் எப்போது முடிகிறது, வாடிக்கையாளர் விவரம் உள்ளதா, அவ்வளவுதான். பொறுப்பாளர் பெயர்களில் ஓய்வுபெற்றவர்கூட இருந்தார். கடைசிக் கேள்வி மொரீஷியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காகச் சேர்த்தது. தேடினால் ஒரே வாடிக்கையாளர் மூன்று சிஸ்டத்தில்: ஒன்றில் ராயல் ரோடு, இன்னொன்றில் அதுவே பிரெஞ்சில் ரூட் ருவாயால், மூன்றாவதில் முகவரியே இல்லை. மூன்றுக்கும் லைசென்ஸ் கட்டுகிறோம். இதைக் காட்டியதும் அதுவரை எட்டிப் பார்க்காத நிதித்துறை மேலாளர் தாமாகவே கூட்டத்துக்கு வந்தார்.

இப்போது புது மென்பொருள் வாங்கும் கோரிக்கைகள் கையெழுத்துக்கு முன் எங்களிடம் வருகின்றன. மார்க்கெட்டிங் மட்டும் இன்னும் கார்டைத் தேய்த்து வாங்குகிறது. சிஸ்டங்களின் தொடர்பைக் காட்டும் ஆர்க்கிமேட் படங்களை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம்; யாரும் திறந்து பார்ப்பதில்லை. வேலை மாறிப் போனவரின் காலி இடத்துக்கு எங்கள் நிறுவனத்திலேயே ஒரு பிசினஸ் அனலிஸ்ட் இருக்கிறார். அவருடைய சம்பள நிலை பற்றி ஹெச்ஆர் பதில் வந்ததும் எழுதுகிறேன்.