யாழ்ப்பாணத்தில் தபாலட்டை அச்சிட ஓர் இடம் தேவை

வணக்கம். நான் போஸ்ட்கிராசிங் என்ற தபாலட்டைப் பரிமாற்ற இணையத்தளத்தில் இருக்கிறேன். 2005இல் போர்த்துக்கலில் தொடங்கியது. முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் அட்டை அனுப்ப, வேறொரு நாட்டிலிருந்து வேறொருவர் நமக்கு அனுப்புவார்.

இங்கே கடைகளில் கிடைப்பது சிகிரியாவும் யானையும்தான். எனக்கு மந்திரிமனையும் கீரிமலையும் பனந்தோப்பும் அனுப்ப ஆசை. அதனால் நானே படமெடுத்து ஸ்டூடியோவில் 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். சிக்கல் அங்கேதான். அந்தத் தாளின் பின்பக்கத்திலும் பிளாஸ்டிக் பூச்சு, மை உறிஞ்சாது. மார்ச்சில் அனுப்பியவற்றில் ஒன்று ஜெர்மனிக்கு முத்திரை உரிந்த நிலையில் போயிருக்கிறது. பின்லாந்துக்குப் போனதில் தளம் ஒவ்வோர் அட்டைக்கும் தரும், எல்கே என்று தொடங்கும் அடையாள எண் கலைந்துவிட்டது. அந்த எண் இல்லாமல் பெற்றவர் அட்டையைப் பதிவு செய்ய முடியாது. 60 நாள் தாண்டினால் கணக்கில் காலாவதி என்று வேறு காட்டும்.

போல்பொயின்ட், ஜெல் பேனை, மார்க்கர் எல்லாம் பார்த்தாச்சு. மார்க்கர் பரவாயில்லை, ஆனால் கை பட்டால் அதுவும் இழுபடும். முத்திரைக்குக் கூடுதலாகப் பசை பூசினேன். காய்ந்ததும் ஓரம் கிளம்புகிறது. பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டினால் அட்டை வாழையிலை போலச் சுருளுகிறது. நகரில் கேட்ட அச்சகங்களில் நூறுக்குக் குறைய அடிக்க மாட்டார்களாம். ஒரே படத்தில் நூறை வைத்து நான் என்ன செய்ய?

பூச்சில்லாத 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையில், ஒரு படத்துக்குப் பத்துப் பிரதி மட்டும் அடித்துத் தரும் இடம் யாழ்ப்பாணத்திலோ சுற்றுவட்டாரத்திலோ யாருக்காவது தெரியுமா?